கலையரசியின் கரப்பான் தொட்டி

கூட்டேரிப்பட்டில் ஜாக்கெட் தைக்கிற கலையரசி, கடையின் பின்னறையில் ஆறு வருஷமாகக் கரப்பான் வளர்க்கிறாள். வீட்டுக் கரப்பான் இல்லை. டூபியா என்னும் வெளிநாட்டு இனம். வழவழப்பான சுவரில் ஏறாது, குஞ்சாகவே ஈனும். கோட்டக்குப்பத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் தம்பி கோபி, பெரிய மீன்களுக்குத் தீனியாக வரவழைத்ததில் பதினைந்தைக் கேட்டு வாங்கி வந்தாள். எதற்கென்று கேட்டால், "பாக்க நல்லாக்கீது" என்பாள்.

"ஊரே கரப்பானுக்கு மருந்தடிக்குது, நீ கேரட்டு நறுக்கிக்கினு கீறியே!" என்பாள் துணி கொடுக்க வரும் அஞ்சம்மாள்.

"உன் ஜாக்கெட்டு பாக்கி கீது, ஜல்தியா அளவ குடு."

கலையரசியின் கணவன் தேவநாதனுக்கும் முதலில் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. கூட இருந்து பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது: பெருக்குவது பெரிய காரியமில்லை, முந்நூறிலேயே நிறுத்தி வைப்பதுதான் காரியம். விட்டுவிட்டால் ஆயிரமாகி, நெருக்கடியில் ஒன்றின் இறக்கையை ஒன்று கடிக்கும். அதிகம் எடுத்துவிட்டால் ஆறு மாதம் கழித்து ஈனுவதற்குப் பெண் இருக்காது. ஞாயிறுதோறும் அவள் தொட்டிக்குள் அவை ஒளிய நிறுத்தியிருக்கும் கோழிமுட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுவாள். நீண்ட இறக்கை இருந்தால் ஆண். நாலு பெண்ணுக்கு ஓர் ஆண் என்று விட்டு, மிச்சத்தைக் கோபிக்கு அனுப்புவாள். துணி அளந்து பழகிய கை, கணக்கு பிசகாது.

போன ஐப்பசியில் தங்கை பிரசவத்துக்காக இருபது நாள் பொம்மையார்பாளையம் போனாள். "தவுடு ஒரு கரண்டி, கேரட்டு ரெண்டு துண்டு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மாடு வைத்திருக்கும் மனுஷனுக்கு வெறும் தவிட்டைப் போட மனசு வரவில்லை. கறவை மாட்டுக்கு ஊற வைத்த வேர்க்கடலைப் புண்ணாக்கில் தினம் ஒரு கை அள்ளிப் போட்டான். மழைக் குளிர் தாக்காமலிருக்கத் தொட்டிமேல் சாக்கும் போர்த்தினான்.

அவள் திரும்பி வந்து சாக்கை எடுத்ததும் பூஞ்சை நாற்றம் முகத்தில் அடித்தது. பெரியவற்றில் பெரும்பாலானவை மல்லாந்து கிடந்தன.

"இன்னா போட்டீங்க?"

"புண்ணாக்கு."

"ஊற வச்சா?"

அவன் தலையாட்டினான். அவள் எல்லாவற்றையும் பழைய புடவையில் கொட்டி, மாவுச் சல்லடையில் சலித்து, அசைபவற்றை மட்டும் பொறுக்கினாள். முப்பத்தேழு தேறின. அவற்றில் வளர்ந்த பெண் நாலே நாலு.

"உடுக்கா, நான் நூறு அனுப்பறேன்" என்றான் கோபி போனில்.

"வேணான்டா. இதுங்க நம்ம ஊரு வெயிலுக்குப் பழகினதுங்க. கீறத வச்சே பாக்கறேன்."

புது அட்டை, காய்ந்த தவிடு, துடைத்த தொட்டி. தை மாதத்தில் அந்த நாலில் இரண்டு செத்தன. தேறிய குஞ்சுகள் தோலுரிக்கும்போது மேலெல்லாம் வெள்ளையாகி, சாயங்காலத்துக்குள் பழுப்பாகும். ஒன்று உரிக்கும்போதெல்லாம் தேவநாதன் எட்டி நின்று பார்த்தான். அவள் கூப்பிடாமல் தொட்டியைத் தொடுவதில்லை.

பங்குனியில் ஒரு காலை கூப்பிட்டாள். அட்டையின் அடியில் அரிசி நொய் சிந்தினதுபோல் வெளுத்த குஞ்சுகள். விரலால் எண்ணப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு ஈனப்போவுது. கலைச்சா நின்னுபூடும். முந்நூறாவ ஒரு வருசம் ஆவுங்க. அதுவரிக்கும் ஒண்ணு கூட வெளிய போவாது."

அவன் வாசலுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டான். "கோபி, இந்த வருசம் உன் மீனுங்களுக்கு வேற எதனா பாத்துக்க. இங்க புள்ள பொறந்துக்கீது."