லெஸ்லி பிறந்த வீடு

குண்டு போடுகிறவன் எவனாக இருந்தாலும் கிருஷ்ணராசாவுக்கு ஆகாது. யாழ்ப்பாணத்தில் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்ட முதல் நாளே, புது மனைவியைத் தள்ளிவிட்டு முதல் ஆளாகப் பங்கர் குழிக்குள் குதித்த வீரர் அவர். அவரே சொல்லிச் சிரிப்பார். "உள்ளுக்குப் பாம்பு கீம்பு கிடக்கோ எண்டு பாக்கத்தான் குதிச்சனான்" என்று அன்று சொன்ன விளக்கத்தை நகுலேஸ்வரி இன்றுவரை நம்பவில்லை.

பிறகு ஜெர்மனியில் எசன் நகரில் பதினான்கு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். அங்கிருந்து லண்டன் வந்து, மனோர் பார்க்கில் பழைய வீடொன்று வாங்கினார். போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள் மரினா. எழுபது வயது வெள்ளைக்காரி. தன் தாய்மாமன் லெஸ்லி இந்த வீட்டில்தான் பிறந்தார், உலக யுத்தத்தில் விமானியாகப் போய் இறந்தார், வாசல் சுவரில் அவர் பெயருக்கு ஒரு சின்னப் பலகை வைக்கலாமா என்று கேட்டாள்.

"என்ன விமானம்?"

"குண்டு போடும் விமானம்."

"எங்கே போட்டவர்?"

"கடைசியாக எசனில்."

கிருஷ்ணராசாவுக்குத் தன் சாதகத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. குண்டுக்குப் பயந்து ஓடியவர், குண்டு விழுந்த நகரத்தில் பிழைத்து, இப்போது குண்டு போட்டவனின் அறையில் குறட்டை விடுகிறார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நகுலேஸ்வரி மரினாவை இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டாள்.

குடித்தபடியே மரினா மாமனின் கதையைச் சொன்னாள். லெஸ்லி தபால் கந்தோரில் வேலை செய்தவன். பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேர்ந்தான். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் சக்கரத்தடியில் நின்று வாந்தி எடுப்பான். 'கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. அம்மாவிடம் சொல்லாதே' என்று மரினாவின் தாய்க்கு எழுதியிருந்தான். பதினோராவது பயணத்தில், திரும்பும் வழியில் விமானம் தீப்பற்றியது. கூட வந்த ஆறு பேரையும் பாரசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் குதித்து முடியும்வரை விமானத்தைச் சரியவிடாமல் பிடித்திருந்தான். அவன் குதிக்க நேரம் இருக்கவில்லை. வயது இருபத்தொன்று.

நகுலேஸ்வரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, ஆறு பேரை முதல்ல விட்டிட்டு..."

"காணும், விளங்குது" என்றார் அவர். பலகைக்கும் சம்மதித்தார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, அயலவர்கள் இருபது பேர் வாசலில் கூடினார்கள். வீட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தார். தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து ஒரு பயணிகள் விமானம் தாழப் பறந்து வந்தது. கிருஷ்ணராசா தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

அவர் அஞ்சலி செலுத்துகிறார் என்று நினைத்து எல்லோரும் தலை குனிந்தார்கள். முன்வீட்டுக் கிழவர் முழங்காலிலேயே நின்றார்.

அப்படியே விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் எழுந்து, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: "மன்னியுங்கள், இது மரியாதை இல்லை. பயம். நான் இப்படியான விமானங்களுக்குக் கீழே இருந்தவன். மேலே இருந்தவனும் பயந்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரியும்."

பழகிய பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. மரினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றாள். முன்வீட்டுக் கிழவரைத் தூக்கி நிறுத்தத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.