எலுமிச்சை இலையும் மாப்பிள்ளைச் சொதியும்

பேருந்தில் யாரோ மடியில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து அந்த மணம் வந்தது. எலுமிச்சம்பழத்தின் மணம் இல்லை. பழத்தை எல்லோருக்கும் தெரியும். இது இலை. நெரிசலில் கசங்கிய கொழுந்திலை. புளியங்குடி வண்டி சங்கரன்கோவில் நிலையத்துக்குள் திரும்புகிறவரை மூச்சை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் என் வீட்டுக்குள் நுழைந்த மணம் அது. என் மனைவியின் விரல் நுனியில் ஏறிக்கொண்டு வந்தது.

அப்போது நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. சமைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் வாசகம் எழுதியும் பிழை பார்த்தும் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஊர் பத்திரிகையை ஃபோனிலேயே அனுப்பப் பழகிக்கொண்டது. அச்சகம் ஷட்டரை இறக்கியது. மகள் திருநெல்வேலியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போனாள். காலையில் அவள் செருப்பை மாட்டும்போது நான் டிபன் பாக்ஸை நீட்டுவேன். அவ்வளவுதான் அந்த வீட்டில் என் வேலை. ஆனால் அதை நான் வேலையாகச் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பத்திரிகை வாசகம்போல எழுதி, அடித்து, திருத்தி அனுப்பினேன்.

சிக்கனம் என்பதை நான் அடுப்பில்தான் படித்தேன். ரேஷன் பருப்பை முதல்நாளே ஊறப்போட்டு, ஒரு விசிலில் அணைத்து, மீதியைக் குக்கரின் சூட்டுக்கே விட்டுவிடுவேன். தண்டங்கீரையின் இலை கூட்டுக்கு, தண்டு சாம்பாருக்கு. பீர்க்கங்காயைக் கறி வைத்தால் தோலில் துவையல். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் ரசம். ஒரு மூடித் தேங்காய் மூன்று நாள் வரும். மூன்றாம் நாள் அது தேங்காய் இல்லை, தேங்காயின் ஞாபகம். சாயங்காலம் மார்க்கெட்டில் கடை எடுத்து வைக்கிற நேரத்துக்குப் போவேன். வதங்கின கத்தரிக்காயும் முனை நறுக்கின முருங்கைக்காயும் கூறு கூறாகக் குவிந்து கிடக்கும். திரும்பி வருகிற தெருவில் பிரியாணிக் கடைக்காரன் தம் உடைப்பான். மொத்தத் தெருவும் ஒரு நிமிடம் நின்று மூச்சிழுக்கும். நானும் இழுப்பேன். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்து பாக்ஸைக் கழுவப் போடும்போது கேட்பேன்.

“எப்படி இருந்துச்சு?”

“கத்தரிக்கா வெண்ணெ மாதிரி வெந்திருந்துச்சு.” “ரசத்துக்கு இன்னும் நாலு மொளவு தட்டிப் போட்டிருக்கலாம்.” இப்படி ஏதாவது சொல்வாள். அதுதான் என் கூலி. அதை வாங்காமல் அடுப்படியை விட்டு நகர மாட்டேன்.

ஒரு நாள் கூலி வரவில்லை.

“நல்லாருந்துச்சு” என்றாள், குழாயைப் பார்த்தபடி. பிறகு சட்டென்று முகம் திரும்பியது. அதில் வெளிச்சம் இருந்தது. “இன்னைக்கு மாஸ்டர் ஒண்ணு கொண்டாந்திருந்தாரு பாருங்க!”

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி, அளவு போட்டு, வெட்டிக் கொடுப்பவர். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அதுவரை அவர் என் காதில் ஒரு கத்திரிக்கோல் சத்தமாக மட்டும் இருந்தார்.

“வேப்பிலைக்கட்டி. பேருதான் வேப்பில. போடுறது எலுமிச்செல. நரம்பெடுத்து, மொளகா வத்தலு, ஓமம், புளி, உப்பு வச்சு இடிச்சு உருண்ட புடிச்சிருக்காரு. மோருஞ்சோத்துக்குத் தொட்டுக்கிட்டா, யம்மா! எண்ணெ ஒரு சொட்டு கெடையாது. அடுப்பே பத்த வைக்கவேண்டாமாம்.”

அடுப்பே பற்ற வைக்கவேண்டாம். அந்தச் சொல் எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று இன்றைக்கும் தொட்டுக் காட்டுவேன். ஒற்றை விசிலில் அணைக்கிறவன் என்று நெஞ்சு நிமிர்த்தி இருந்தேன். ஒருவன் தீக்குச்சியே உரசாமல் ஜெயித்துவிட்டான்.

“எலய எங்க வாங்குதாரு?”

“வாங்கவா? தோட்டத்து வழியாத்தான் பஸ்சுக்கு நடந்து வாராரு. வெட்டிப் போட்ட கொப்புல கொழுந்தாப் பாத்துப் பறிச்சுக்கிடுவாராம்.”

“பொண்டாட்டி இடிச்சுக் குடுப்பாளாக்கும்.”

“பொண்டாட்டி எங்க இருக்கு? தனியாளு. அவரே வச்சு அவரே திங்காரு, பாவம்.”

பாவமாம். 

அடுத்த நாள் ஒரு சம்படம் வீட்டுக்கு வந்தது. உள்ளங்கை அளவு எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி. அவள் திறக்காமல் என்னிடம் நீட்டினாள். “நீங்க தெறங்க.” முதலில் நான் ருசி பார்க்கவேண்டும் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. திறந்தேன். கரும்பச்சை உருண்டைகள் ஆறு. ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கசப்பு தலையைக் காட்டிவிட்டு ஓடிற்று. பின்னாலேயே புளிப்பும் காரமும் வந்து, கடைசியில் ஒரு பச்சை வாசனை மூக்கின் உள்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மறுநாள் பீர்க்கங்காய்த் தோல் துவையல் வைத்து அனுப்பினேன்.

“என்ன சொன்னாரு?”

“நல்லாருக்குன்னாரு.”

“வேற?”

“வேற என்ன? தின்னுட்டுக் கவிதையா படிப்பாரு?”

சம்படம் திரும்பி வந்தது. அதில் உப்பில் ஊறின எலுமிச்சை. சந்தையில் ஒதுக்கிப் போட்ட வெடிப்புப் பழமாம். நான் வாழைப்பூப் பருப்புசிலி அனுப்பினேன். திரும்பவும் வேப்பிலைக்கட்டி வந்தது. அந்தச் சம்படம் எங்கள் இருவருக்கும் நடுவில் பந்துபோல ஓடியது. நடுவில் தூக்கிச் சுமந்தவள் அவள். ஒரு சாயங்காலம் காப்பித் தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கும்போது விரல் என் மூக்கருகே வந்தது.

“கை ஏன் இப்படி மணக்கு?”

“எல ஆய்ஞ்சோம். சாப்பாட்டு நேரத்துல மாஸ்டர் ஒரு கட்டு கொண்டாந்து நடுவுல போட்டாரு. எல்லாருமா ஒக்காந்து நரம்பு கிள்ளுனோம்.”

“எல்லாரும்னா?”

“எல்லாரும்னா எல்லாருந்தான்.” என்னை ஒரு பார்வை பார்த்தாள். “என்ன கேள்வி இது?”

நான் இத்தனை வருடத்தில் அவளோடு உட்கார்ந்து ஒரு கீரைக்கட்டு ஆய்ந்ததில்லை. நானே ஆய்ந்து, நானே சமைத்து, வாசகத்தை முடித்துத்தான் கொடுப்பேன். அங்கே பாதி வேலையை நடுவில் போட்டு, வாங்க என்று கூப்பிடுகிறான் ஒருவன். அவள் போகிறாள். சிரித்துக்கொண்டு கிள்ளுகிறாள். பவர்லூம் சத்தம்போல அந்தப் படமே ஓடிக்கொண்டிருந்தது எனக்குள், நிற்காமல்.

அவன் வாயை ஒரேயடியாக அடைக்கிற மாதிரி ஒன்று சமைக்கவேண்டும். எங்கள் பக்கம் சைவத்தில் அதற்கு மேல் ஒரு குழம்பு இல்லை என்கிற மாதிரி. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது.

சொதி.

விடியும்போதே எழுந்து மூன்று தேங்காயைத் திருவினேன். பதினெட்டு நாள் ஓட்டவேண்டியது. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். கூறு போட்டது வேண்டாம் என்று முந்தின நாளே முழு விலையில் வாங்கிய முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட். முழுப்பூண்டு, சின்ன வெங்காயம், குழைந்த பாசிப்பருப்பு, அரைத்த இஞ்சியும் பச்சைமிளகாயும். கடைசியில் முதல் பாலை ஊற்றிப் பொங்குமுன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழியவேண்டும். பழத்தைக் கையில் எடுத்தேன். அறுக்கவில்லை. அவன் ஊர்ச் சரக்கு என் குழம்பில் எதற்கு? தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பெரிய தூக்குவாளி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். “எல்லாருக்கும் ஊத்து. மாஸ்டருக்கு முதல்ல ஊத்து.” வெந்நீருக்கு அடுப்பை மூட்டப் போனால் நீலம் ஒரு துடி துடித்து அணைந்தது. சிலிண்டர் தீர்ந்திருந்தது. கவலையே படவில்லை. சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன்.

அவள் வந்தாள். தூக்குவாளியைக் கழுவப் போடவில்லை. தரையில் ணங்கென்று வைத்தாள்.

“ஒங்களுக்குப் புத்தி எங்க போச்சு?”

“ஏட்டி, என்னாச்சு?”

“என்னாச்சா? சொதிய யாராவது அடுத்த ஆம்பளைக்குக் குடுத்து விடுவாங்களா? மூடியத் தெறந்தேன். மிஷினு அம்புட்டும் நின்னுபோச்சு. ‘ஏளா, ஒன் வீட்டுக்காரரு மாஸ்டருக்கு மறுவீட்டு விருந்துல்லா அனுப்பிருக்காரு! சொதியோட ஒன்னையும் சேத்து அனுப்பிட்டாரா?’ன்னு கேக்காளுவ. சிரிச்சு உருளுதாளுவ. மாஸ்டர் தலையத் தூக்கல. கத்திரியப் புடிச்சுக்கிட்டுத் துணியவே பாத்துக்கிட்டு நிக்காரு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் புது மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. மாப்பிள்ளைச் சொதி என்றே பேர். எத்தனை பத்திரிகையில் மறுவீட்டு அழைப்பு எழுதியவன் நான்! எனக்கு அதன் ருசி தெரிந்ததே என் கல்யாணத்துக்கு மறுநாள்தான். அவள் வீட்டு முற்றத்தில், என் இலையில், எனக்கென்று ஊற்றியது. உலகத்திலேயே பெரிய குழம்பு என்று என் நாக்கு அதைக் குறித்து வைத்திருந்ததற்குக் காரணம் தேங்காய் இல்லை. அதைக்கொண்டுபோய் அவன் இலையில் என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவள் மோர்ச்சோறு மட்டும் கேட்டாள். மிஷின் பக்கத்திலேயே தனியாக உட்கார்ந்து தின்றாளாம். மாஸ்டர் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே டீக்கடைக்குப் போய்விடுகிறாராம். சாயங்காலம் நான் பழக்கத்தில் கேட்பேன்.

“எப்படி இருந்துச்சு?”

“சோறு மாதிரி இருந்துச்சு.”

அவள் விரலில் இலை மணம் இல்லை. நான் விரும்பியது அதுதான். ஆனால் அவள் பேச்சிலும் ஒரு மணமும் இல்லை. என் சமையல் அவளுக்கு வெறும் சோறாகிவிட்டால் அந்த வீட்டில் நான் யார்? இருட்டடித்த அடுப்படியில் கடன் வாங்கின சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டேன். அலமாரியில் அந்தச் சம்படம் உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான்காம் நாள் அதை எடுத்தேன். சமைத்த எதையும் வைக்கக் கை வரவில்லை. ஒரு கை சீனி அள்ளிப் போட்டு மூடினேன். கம்பெனி விடுகிற நேரத்துக்குப் புளியங்குடி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

நான் மனதில் தைத்து வைத்திருந்த மாஸ்டர் நெடுநெடுவென்று மீசை வைத்தவர். வந்தவர் என்னைவிடக் குட்டை. காது மறைக்கிற நரை. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து இலை மணந்தது. நான் நீட்டிய சம்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சொதிக்காரரா?”

“ஆமா.”

“சொதி ஏ ஒன் அண்ணாச்சி. ஒரு கொறைதான். எலுமிச்சம்பழம் பிழியலியே? தேங்காப்பாலு திகட்டிட்டு.”

“மறந்துட்டேன்.”

“சங்கரன்கோயில்ல எலுமிச்சம்பழத்துக்கா பஞ்சம்?” என்று சிரித்தார். முன்பல்லில் ஒன்று இல்லை.

“நான் வேணும்னு செய்யல. தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றேன்.

“தப்பு ஒண்ணுமில்ல. மொறதான் மாறிப்போச்சு. ஒங்க வீட்டம்மாவ நான் தங்கச்சின்னுதான் கூப்புடுதேன். அப்ப நீங்க எனக்கு மாப்பிள. நான்லா ஒங்களுக்குச் சொதி வச்சுப் போடணும்? நீங்க எனக்கு வச்சா எப்படி?”

சிரித்தேன். பாதிச் சிரிப்புதான் வந்தது. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. எங்கள் மறுவீட்டில் சொதி வாளியைத் தூக்கி வந்ததுகூடப் பெரியப்பா மகன்தான். தனக்கு ஓர் அண்ணனைத் தேடி எடுத்துக்கொண்டவள் என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது. அது விடுகிற ஜாதி இல்லை.

“எலைக்கு ஓமம் எவ்வளவு போடுதீங்க?” என்றேன். அதைக் கேட்க நான் எவ்வளவு சிரமப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

“ரெண்டு கை எலைக்கு ஒரு சிட்டிக. கூடிட்டா மருந்து மாதிரி ஆயிரும்.” பையைத் திறந்து ஒரு கட்டு இலையை எடுத்து என் கையில் திணித்தார். “காலைல பறிச்சது. நாலு நாளா ஆய ஆளில்லாம வீட்டுக்கே திருப்பிக் கொண்டு போறேன். நாளைக்கு அந்தப் பொம்பளைகள்ட்ட நானே பேசிக்கிடுதேன். நீங்க இத இடிச்சுக் குடுத்து விடுங்க.”

கண்டக்டர் விசில் அடித்தார். மாஸ்டர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சம்படத்தை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். வண்டி நகரத் தொடங்கியதும் ஏதோ நினைவு வந்தவராய்த் தலையை வெளியே நீட்டினார்.

“மாப்பிள! நரம்ப நீங்களே கிள்ளிருங்க. தங்கச்சிட்ட குடுத்துராதீங்க. கட்டவெரலு வலிக்கு, டப்பா மூடியக்கூடத் தெறக்க முடியலன்னு சொல்லிச்சு.”

நான் வண்டியோடு நாலு எட்டு நடந்தேன். கையில் இலைக்கட்டு. ஊர் பேர் தெரியாத ஆள் விசாரிப்பதைப்போலக் கேட்டேன்.

“எந்தக் கை?”

“சோத்துக்கை, மாப்பிள! சோத்துக்கை!”