பதினேழாம் நம்பர் பரிசு

திருப்பூர் காங்கேயம் ரோட்டில் வேலுமணியின் பனியன் கம்பெனி இருக்கிறது. அறுபது தையல் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடும் அந்தக் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் காதில் விழாது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, ஏழு கடல் தாண்டிப் பேசுகிற ஒருத்தியின் குரலைக் கேட்டே தீருவேன் என்று ஒரு மனிதர் அடம்பிடித்தால் அவரை என்னவென்று சொல்வது? கன்னையன் என்று சொல்லலாம். வட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்தக் கிறுக்கு இல்லை.

கன்னையனுக்கு அங்கே கடைசிச் செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸைப் புரட்டிப் பார்ப்பார். தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் உள்லேபிளில் தன் நம்பரான பதினேழை முத்திரை குத்துவார். மேஜை ஓரத்தில் ஒரு சிற்றலை ரேடியோ. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வடகடல் வானொலி என்ற ஐரோப்பிய நிலையம் அரை மணி நேரம் தமிழில் பேசும். ஒலி எத்தனை பலம், இரைச்சல் எவ்வளவு, குறுக்கே வேறு ஸ்டேஷன் புகுந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு வாராவாரம் அவர்களுக்குக் கடிதம் எழுதுவார். போட்டுப் போட்டு அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. மனைவி பழனாத்தாள் சண்டைக்கு வந்தால், 'பலம் ஐந்து, தெளிவு ஐந்து' என்று முனகுவார். அதன் அர்த்தம் அந்த அம்மாளுக்கு விளங்கிய நாளிலிருந்து அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைத்தது.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் கட் வந்தது. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது கன்னையனுக்கு மட்டும் கொண்டாட்டம். மெஷினும் ட்யூப் லைட்டும் நின்றால்தானே சிற்றலை சுத்தமாக எடுக்கும்? கரண்ட் போனதும் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்ட, இவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து, ஏரியலை நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். ஷிப்மெண்ட் தள்ளிப்போகிற கவலையில் இருந்த வேலுமணிக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து வயிறு எரிந்தது. வயதில் மூத்தவர், பதினொரு வருஷமாக ஒரு பீஸ்கூடத் தவற விடாதவர், அதனால் திட்ட முடியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டான்.

"ஏனுங்கண்ணா, உங்க நம்பர் போட்ட பீஸ் ஒண்ணு தப்போட திரும்பி வந்துச்சுன்னா, அன்னைக்கே இந்த ரேடியோவ மூட்ட கட்டிரோணுங்க."

கன்னையன் சரிங்க என்றார். வராத ஒன்றுக்குச் சரி சொல்வதில் என்ன நஷ்டம்?

அடுத்த வருஷம் வடகடல் வானொலி அவரைச் சிறந்த நேயராக அறிவித்தது. வீட்டில் பகலில் ஆளிருக்காது என்று கம்பெனி விலாசத்தைக் கொடுத்திருந்தார். பார்சல் அங்கேயே வந்தது. கொட்டகையே கூடி நின்றது. வேலுமணி தன் கையால் பிரித்துக் கொடுத்தான். நீல நிற டி-சர்ட், நெஞ்சில் வெள்ளையாக ஒலிபரப்புக் கோபுரம். கன்னையனின் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் என்ன, கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு டி-சர்ட்டை மேஜையில் விரித்தது, தையலை நீவியது, கைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தது. வலது கை இடதைவிட இரண்டு அங்குலம் குட்டை. என்ன செய்கிறோம் என்று உணர்வதற்குள் தன் பரிசின்மேல் தானே சிவப்பு அம்பை ஒட்டிவிட்டார்.

பிறகு பழக்க தோஷத்தில் உள்லேபிளைப் புரட்டினார். பதினேழு.

 போன வருஷம் பிரிண்ட் இல்லாத வெறும் நீல டி-சர்ட் முந்நூறு போனது வேலுமணிக்கு நினைவு வந்தது. எவனோ ஏஜெண்ட் வாங்கிப்போய், அங்கே கோபுரத்தை அச்சடித்து வானொலிக்காரர்களுக்கு விற்றிருக்கிறான். கன்னையன் லேபிளில் இருந்த லாட் நம்பரை வைத்துச் செக்கிங் நோட்டில் தேதியைத் தேடினார். அதே தேதிக்குத் தன் ரேடியோ டைரியையும் புரட்டினார். ஒரு சனிக்கிழமை. ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் கட். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. அதற்குக் கீழே, 'இன்று முதன்முதலாக என் பெயரை வாசித்தார்கள்.' பெயர் காதில் விழுந்த அந்த நொடியில்தான் கை கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறது.

வேலுமணி ரேடியோவை எடுக்க வந்தான். ஆனால் டெய்லர் கருத்தம்மா குறுக்கே விழுந்தாள். சிவகாசிப் பக்கத்துக்காரி, நியாயம் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். சரக்கு வாங்கிய பார்ட்டி ரிஜெக்ட் பண்ணி அனுப்பினால்தான் ரிட்டர்ன், இது பரிசாக வந்தது, பரிசு எப்படி ரிட்டர்ன் ஆகும் என்று கேட்டாள். கட்டிங் மாஸ்டர் மறுத்தார்: எப்படி வந்தால் என்ன, போன பீஸ் தப்போடு திரும்பி வந்திருக்கிறதா இல்லையா? கொட்டகை இரண்டு கட்சியானது. டீ நேரம் முழுக்க இதே பேச்சு. கடைசியில் அனுப்பியவர்களையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கன்னையன் நடந்ததை எழுதித் தபாலில் போட்டார். தீர்ப்பு வரும்வரை ரேடியோ வேலுமணியின் பீரோவில். சனிக்கிழமை நேயர் கடிதம் வாசிக்கும் அரை மணிக்கு மட்டும் வெளியே வரும்.

அந்த நாட்களில் கன்னையன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஐந்தரை ஆனால் கை தானாக மேஜை ஓரத்தைத் தடவும். வீட்டில் பழனாத்தாள் கத்தினாலும் மதிப்பெண் வரவில்லை. அந்த அம்மாளே பயந்துபோய்ச் சூடாகச் சோறு போட்டாள்.

நான்காவது சனிக்கிழமை. அறிவிப்பாளர் கவிப்பிரியா, "திருப்பூரிலிருந்து" என்று தொடங்கியதும் மெஷின் இரைச்சல் அவள் குரலை விழுங்கியது. கரண்ட் கட்டால் தலைமுடி கொட்டிப்போன அதே வேலுமணி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். அறுபது மெஷினும் ஒன்றாக நின்றன.

கவிப்பிரியாவின் குரல் பளிச்சென்று வந்தது. "அன்பு நேயர் கன்னையன் அவர்களே, ஒரு கை குட்டை என்று எங்களுக்கும் தெரியும். அந்த ஒரு டி-சர்ட்தான் மிஞ்சியிருந்தது. நீங்கள் திருப்பூரில் இருப்பவர், இரண்டு நிமிடத்தில் சரிசெய்துகொள்வீர்கள் என்றுதான் உங்களுக்கு அனுப்பினோம்."

கன்னையன் முகம் சுருங்கியது. இத்தனை வருஷக் கடிதத்துக்காக இல்லையா? விலாசத்துக்காகவா? 

வேலுமணிக்கே சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னான். "ரிப்பேருக்குன்னு அவிங்களே சொல்லிப்போட்டாங்க. அப்ப இது ரிட்டர்ன்தானுங்களே, அண்ணா."

 கருத்தம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கத்தரியோடு வந்தாள். "குடுங்கண்ணே. நெட்டைக் கையையும் வெட்டி மடிச்சுத் தச்சுத் தாரேன். போட்டுக்கவாவது ஆகும்."

கன்னையன் சட்டென்று டி-சர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தொடாதீங்கம்மா. ரிப்பேர் பண்ணுனாத்தான் அது ரிட்டர்னுங்க. பண்ணாத வரைக்கும் பரிசு."

  வேலுமணி நெற்றியைத் தேய்த்தான். சரிங்க, அப்படியே இருக்கட்டும் என்றான். ஆனால் பரிசு என்றால் பெட்டியில் பூட்டி வைக்கக்கூடாது, ரேடியோ கேட்கிற நாளெல்லாம் போட்டுக்கொண்டு வர வேண்டும், என்றைக்குக் கை இரண்டும் சமமாகிறதோ அன்றைக்கு ரேடியோ போய்விடும் என்றான்.

அன்றிலிருந்து கன்னையன் தினமும் அதைத்தான் போடுகிறார். இரவில் துவைத்துக் காலையில் மாட்டிக்கொள்கிறார். நூல் பிசிறைக்கூடப் பொறுக்காத மனிதர், தன் கையால் பாஸ் பண்ணிய தப்பைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு, ஊரார் பார்க்கக் காங்கேயம் ரோட்டில் நடக்கிறார். டீக்கடையில் யாராவது சட்டை கோணலாக இருக்கிறதே என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார். லேபிளில் இருக்கும் பதினேழு முதுகை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க அந்த வெட்கம் தாங்க முடியாததுதான். சாயங்காலம் ஐந்தரை ஆகிறது. கன்னையன் குட்டைக் கையை நீட்டி ரேடியோவின் குமிழைத் திருகுகிறார்.