மாப்பிள்ளையின் பல் செட்டும் ஷெரிலின் பஸ் டிக்கெட்டும்

ஷெரிலுக்கு அமெரிக்காவைப் பல் பல்லாகத் தெரியும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கும் பல் லேபில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. டெட்ராய்ட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் அங்கே உள்ள டாக்டர் அதைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவார். இங்கே ஷெரில் அந்தப் பல்லுக்கு மேலே மாட்டுகிற உறையை, அதாவது கேப்பை, வடிவமைத்து, மெஷினில் கடைந்து, மெல்லிய பிரஷ்ஷால் நிறம் தீட்டி, சூளையில் சுட்டு, கூரியரில் போடுவாள். பஃபலோவுக்கு ஒரு முன்பல், கிளீவ்லாந்துக்கு ஒரு கடைவாய்ப் பல். அவள் செய்த பற்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்தன. செய்தவள் வேளாங்கண்ணியைத் தாண்டியதில்லை.

வேளாங்கண்ணிக்கும் தனியாகப் போனதில்லை. சாந்தோம் கோயிலிலிருந்து வருடா வருடம் பஸ் பிடித்து ஐம்பத்து நாலு பேர் போவார்கள். வாந்தி வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் நீட்டுவது ஷெரிலின் பொறுப்பு. அதனால் அவள் சீட்டுகளுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு வருவாள். வயது நாற்பத்தாறு. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து நின்றுபோயிற்று. அப்புறம் அம்மாவின் நீண்ட நோய். அம்மா போன பிறகு அப்பா. அப்பா பவுல்சாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் கல் மாதிரி இருப்பார். ஆனாலும் மகள் இல்லாவிட்டால் தனக்கு ஒரு காப்பி கலந்துகொள்ளத் தெரியாது என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். ஷெரிலும் எங்கேயாவது போகவேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டவள் இல்லை.

போன பிப்ரவரியில் சிகாகோவில் பல் லேப்காரர்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. லேப் முதலாளி மதிவாணன் ஒரு சின்ன ஸ்டால் எடுத்தார். தானும் ஷெரிலும் போவதாக ஏற்பாடு. இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மதிவாணன் புது ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. ஆதம்பாக்கத்தில் அவர் வீட்டுக் கட்டிலில் பலகைபோல் படுத்துக்கொண்டு, ஷெரிலைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ மட்டும் போயிட்டு வாம்மா. ஸ்டாலை விட்டா மானம் போயிடும். தனியா அனுப்புறேன்னு எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. உனக்கு இன்னா வேணுமோ கேளு, செய்யறேன்."

தன் வாயிலிருந்து வந்த பதிலைக் கேட்டு ஷெரிலே திடுக்கிட்டுப் போனாள்.

"திரும்பி வர்ற டிக்கெட்டை ஒன்பது நாள் தள்ளிப் போடுங்க சார். சிகாகோலேர்ந்து வேணாம், நியூயார்க்லேர்ந்து போடுங்க. நடுவுல நான் பஸ்ல போய்க்கிறேன்."

மதிவாணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். டிக்கெட் தள்ளிப் போடப்பட்டது.

வீட்டில் பவுல்சாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தார். "ஒன்பது நாள் பஸ்ஸுலயா? அங்க உனக்கு யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல டாடி. அதான் போறேன்."

அவர் எழுந்துபோய்ப் பரணிலிருந்து தன் பழைய துறைமுகக் கம்பளிக் கோட்டை எடுத்து, உதறி, அவள் பெட்டியின் மேல் வைத்தார். அது அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. மூன்று நாளும் ஷெரில் நீலப் பட்டுப் புடவையும் பனி பூட்ஸுமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கேப்பைக் காட்டினாள். கடைசி நாள், பக்கத்து ஸ்டால்காரர் மிச்சமிருந்த சாம்பிள்களை அவளிடம் அள்ளிக் கொடுத்தார்: உடைந்த பல் செட்டை ஒட்டவைக்கும் ரோஸ் நிறப் பவுடர் ஒரு டப்பி, அதோடு சேர்க்கும் திரவம் ஒரு சின்ன பாட்டில். தீப்பிடிக்கிற சாமான், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். நியூயார்க் போவதற்குள் யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை சிகாகோ பஸ் நிலையத்தில் முன் வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்கும் எலுமிச்சம்பழம் வேண்டியிருக்கவில்லை. பஸ் பாலத்தின் மேல் ஏறியது. ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், இன்னொரு பக்கம் உறைந்து கிடந்த ஏரி. ஷெரிலுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. காரணமே கிடையாது. வாயைப் பொத்திக்கொண்டாள், அது மூக்கு வழியாக வந்தது. எதிர் சீட்டில் இருந்த தாடிக்காரர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். அவர் பல்லில் மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு கேப். யாரோ அவசரத்தில் செய்த வேலை, நிறம் பொருந்தவில்லை.

டெட்ராய்ட்டில் பயணிகள் தங்கும் ஹாஸ்டல் அறையில் எட்டுப் பெண்கள். ஷெரிலுக்கு மேல் கட்டில். ஏணியில் ஏறிப் படுத்ததும், நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. பகலில் டவுன் பஸ்ஸில் ஒரு முனையில் ஏறி மறுமுனை வரைக்கும் போனாள். இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். முன்பின் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொன்னாள். அவர்களும் சொன்னார்கள். பனியில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். இரண்டாவது தடவை எழுந்திருக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு மெத்தென்று இருந்தது.

சனிக்கிழமை காலை கிளீவ்லாந்து பஸ். இந்தத் தடவை பக்கத்து சீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர் வெர்னன். வெள்ளைச் சட்டை, மெரூன் டை, மடியில் உறைபோட்டு மடித்த கோட்டு. பத்து நிமிஷத்தில் கதை முழுக்கச் சொல்லிவிட்டார். கிளீவ்லாந்தில் இன்று மூன்று மணிக்குக் கல்யாணம்.

"யாருக்கு? பேரனுக்கா?" என்று கேட்டாள் ஷெரில்.

"எனக்கும்மா! எனக்கு!"

பெண் பெயர் ஐரீன். அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. இரண்டு பேருடைய துணையும் இறந்துபோய், ஒரு சாவு வீட்டில் மறுபடி சந்தித்தார்களாம். வெர்னனுக்குக் கண் சரியில்லாததால் இப்போது கார் ஓட்டுவதில்லை. அதனால்தான் மாப்பிள்ளை பஸ்ஸில் போகிறார். ஷெரில் கைதட்டினாள். வெர்னன் பூரித்துப்போய், உப்புத் தூவிய முறுக்கு மாதிரி எதையோ பொட்டலத்திலிருந்து எடுத்து அவளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கடித்தார்.

படக்.

அந்தச் சத்தம் ஷெரிலுக்குத் தூக்கத்திலும் தெரியும். வெர்னன் கைக்குட்டையை வாயருகே வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. கைக்குட்டையில் அவருடைய மேல் பல் செட்டு, நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"மூணு மணிக்குக் கல்யாணம்," என்றார். பல்லில்லாத வாயில் அது வேறு என்னவோபோல் கேட்டது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எல்லார் முன்னாலயும் நான் பேசணும். ஒரு வாரமா மனப்பாடம் பண்ணினேன்."

ஷெரில் கையை நீட்டினாள். "கொடுங்க."

"என்ன?"

"பல்லைக் கொடுங்க. என் தொழிலே அதுதான்."

வழியில் டொலிடோ என்ற ஊரில் பஸ் இருபது நிமிஷம் நிற்கும். அதற்குள் முடித்தாக வேண்டும். ஷெரில் எழுந்து நின்று, வராத ஆங்கிலத்தையும் வரவழைத்துக்கொண்டு, பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னாள். பின் சீட்டிலிருந்த கல்லூரிப் பெண் நகம் ராவும் அரத்தை நீட்டினாள். பஸ் நின்றதும் ஒருவர் சூப்பர் குளூ வாங்க நிலையத்துக் கடைக்கு ஓடினார். ஷெரிலும் அதே கடைக்குள் போய், பிளந்த விளிம்புகளை ராவி, இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்து, வெளிப்பக்கம் குளூவால் நிறுத்தினாள். சாம்பிள் பாட்டிலைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நெடி. கடைக்காரர் கதவைக் காட்டி, "வெளியே! வெளியே!" என்றார்.

வெளியே வந்தார்கள். சுற்றிலும் பனி. ஷெரில் பவுடரைத் தூவி, சொட்டு விட்டு, மறுபடி தூவினாள். காத்திருந்தாள். அசையவில்லை. சென்னை வெயிலில் ஐந்து நிமிஷத்தில் கல்லாகிற பசை, அந்தக் குளிரில் பாயசம் மாதிரி அப்படியே நின்றது.

"சுடுதண்ணி! காப்பிக் கடையில சுடுதண்ணி வாங்குங்க, கொதிக்க வேணாம்!" என்று ஷெரில் கத்தினாள். பதற்றத்தில் தமிழில் கத்திவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில் கத்தினாள். வெர்னனின் பல் ஒரு காகிதக் கோப்பையில் இறங்கியது. ஏழு பேர் தலைகுனிந்து அந்தக் கோப்பையையே பார்த்தார்கள்.

பஸ் ஓட்டுநர் வாட்டசாட்டமான அம்மாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நேரமாயிடுச்சு."

"இன்னும் நாலு நிமிஷம்," என்றாள் ஷெரில்.

ஓட்டுநர் அம்மாள் கோப்பையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் டையைப் பார்த்தார். "எனக்கு டயர் பார்க்கணும். ஆறு டயர் இருக்கு. மெதுவாத்தான் பார்ப்பேன்," என்று நடந்தார்.

இறுகிவிட்டது. ஷெரில் அதை ராவி வழவழப்பாக்கி, கழுவி, வெர்னனிடம் கொடுத்தாள். ஒட்டின இடம் சுங்குடிச் சேலை மாதிரி பளீர் ரோஸ். ஆனால் மேலண்ணத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார்.

"ஐம்பத்தஞ்சு, அறுபத்தாறுன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க," என்றாள். அந்த 'ஃப'வும் 'ஸ'வும் சுத்தமாக வந்தால் பல் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பது லேபில் படித்த பாடம்.

"ஃபிஃப்டி ஃபைவ்," என்றார் வெர்னன். சுத்தமாக வந்தது. "சிக்ஸ்டி சிக்ஸ்!" அதுவும் வந்தது.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவர், "ஃபிஃப்டி ஃபைவ்!" என்று திருப்பிச் சொன்னார். பின் சீட்டு, "சிக்ஸ்டி சிக்ஸ்!" என்றது. வண்டி நகர்ந்தபோது ஓட்டுநர் அம்மாளும் ஒலிபெருக்கியில் சொன்னார். டொலிடோ எல்லை தாண்டும்வரை முப்பது பேர் ஐம்பத்தஞ்சும் அறுபத்தாறும் பாடிக்கொண்டே போனார்கள். ஷெரிலுக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

கிளீவ்லாந்தில் வெர்னன் அவளை விடவில்லை. "பல்லு கொடுத்தவள் வராம கல்யாணமா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாதா கோயிலை ஒட்டிய ஒரு சின்ன ஹால், அறுபது பேர். ஷெரில் கழிப்பறையில் நீலப் பட்டைச் சுற்றிக்கொண்டு பூட்ஸோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். வெர்னன் மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் பஸ்ஸில் நடந்ததையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

மணப்பெண் ஐரீன் இடுப்பில் கை வைத்தாள். "உன் பல்லைப் பார்த்துத்தான் உன்னைக் கட்டிக்கறேன்னு நினைச்சியா? நான் போட்டிருக்கறதும் செட்டுதான்!" என்று தன் மேல் செட்டைக் கழற்றிக் காட்டினாள். ஹால் குலுங்கிப் போயிற்று. ஷெரில் தன்னையறியாமல் எட்டிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு," என்றாள்.

அப்புறம் ஆட்டம். வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் அவரவர் ஆட்டத்தை ஆடினார்கள். நீயும் ஆடு என்று ஷெரிலை நடுவில் தள்ளிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாந்தோம் கல்யாண வீடுகளில் ஓரமாக நின்று பார்த்த குத்தாட்டம். பார்த்ததுதான், ஒரு தடவையும் ஆடியதில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள். பூட்ஸ் காலால் தரையில் ஒரு குத்து வைத்தாள். தோளைக் குலுக்கினாள். மாப்பிள்ளை அப்படியே செய்தார். ஐரீன் இன்னும் நன்றாகச் செய்தாள். கால் மணி நேரத்தில் ஹால் முழுக்கத் தரையைக் குத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் பிட்ஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் என்று பஸ் பஸ்ஸாகப் போனாள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டாள்; ஒரு ஊரில் தப்பான தெருவில் இறங்கி, அங்கேயே அருமையான சூப் குடித்தாள். அவள் சென்னை திரும்பியபோது பவுல்சாமி விமான நிலையத்துக்கு வந்திருந்தார். மகளைப் பார்த்ததும் முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "நடை மாறிப்போச்சு," என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவரே காப்பி கலந்து கொண்டுவந்தார். நன்றாகவே இருந்தது. "எப்பலேர்ந்து டாடி?" என்றதற்கு, "எப்பவுமே தெரியும். நீ போட்டா நல்லாருக்கும்னு இருந்துட்டேன்," என்று அசடு வழிந்தார்.

ஜூன் மாதம் மதிவாணன் முதுகுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு லேபுக்கு வந்தார். "ஸ்டாலால நிறைய ஆர்டர் வந்துச்சும்மா. அடுத்த வருஷமும் நீதான் போகணும்."

"வலியுல்லாவை அனுப்புங்க சார், அவனும் ஊர் பார்க்கட்டும்," என்றாள் ஷெரில், பக்கத்து மேஜைக்காரனைக் காட்டி. "எனக்கு அக்டோபர்ல லீவு மட்டும் போதும்."

அக்டோபரில் அவள் கனடா போனாள், தன் செலவில். டொரன்டோவிலிருந்து மான்ட்ரியாலுக்கு பஸ். வழியெல்லாம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாகக் கொளுத்திக்கொண்டு நின்றன. பாதி வழியில் கிங்ஸ்டன் என்ற ஏரிக்கரை ஊரில் வண்டி நின்றது. பயணிகள் கையில் பையோடு இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஷெரில் தன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

ஓட்டுநர் டிக்கெட்டைப் பார்த்தார். "உங்க டிக்கெட் மான்ட்ரியாலுக்கு இருக்கே. இங்கே யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"இல்லை," என்றாள் ஷெரில், சிரிப்பை அடக்க முடியாமல். "ஊர் பேர் நல்லா இருக்கு."

படியில் இறங்கி, ஏரி எந்தப் பக்கம் என்று ஒரு பெண்ணைக் கேட்டு, அந்தப் பக்கமாக நடந்தாள்.