குடிகாரன் என்ற பெயரே போதும்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு லிஃப்டில் போகும் யோகம் கிடையாது. அது ஓடாதபோதுதானே அவனைக் கூப்பிடுவார்கள்! கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினான்கு மாடி ஏறியாக வேண்டும். இந்த மெக்கானிக் ஏறி ஏறியே கம்பெனியில் 'மாடிப்படி' என்று பெயர் வாங்கியவர். பெயர் வைத்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். அதற்கு மேல் யாரிடமும் ஒட்டமாட்டார்.

இருபத்தாறு வயதில் அந்தக் குரல் வந்தது. ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் லிஃப்ட் குழியின் அடியில் நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். "ஒழுங்கா இறுக்குடா, கையாலாகாதவனே" என்று மேலேயிருந்து யாரோ திட்டியது காதில் விழுந்தது. கோபத்தோடு ஏறிப் போய்ப் பார்த்தார். மேல்மாடி பூட்டிக் கிடந்தது. எங்கேயோ பேசியது சுவரில் மோதி வந்திருக்கும் என்று விட்டுவிட்டார். மறுவாரம், வீட்டுக் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அதே ஆள் பேசினான். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி.

அதன்பின் அவன் போகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் திட்டுவான். பேருந்தில் ஏறினால், எல்லாரும் உன்னைத்தான் பார்க்கிறார்கள் என்பான். ஒருநாள் வேலை முடிந்ததும் சக மெக்கானிக் ஒருவர் வற்புறுத்த, இவர் இரண்டு கிளாஸ் குடித்தார். அரை மணி நேரத்தில் அவன் வாயை மூடிக்கொண்டான். எத்தனையோ மாதம் கழித்துக் கிடைத்த அமைதி. அந்த அமைதிக்காகத்தான் மறுநாளும் குடித்தார். பிறகு காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார்.

மனைவிக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டில்கள்தான். கருவிப் பையில் ஒன்று, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்று என்று கண்டெடுத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் குடிக்காம இருந்து காட்டுங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்" என்று கெஞ்சினாள்.

இருந்து பார்த்தார். நான்காம் நாள் அந்த ஆள் காதுக்குள் கத்த ஆரம்பித்தான். ஐந்தாம் நாள் இவர் கடை வாசலில் நின்றார். குரலைப் பற்றி அவளிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தார், சொல்லவில்லை. குடிகாரன் என்றால் திட்டுவாள், அழுவாள், ஆனாலும் குழந்தையை இவர் மடியில் விடுவாள். பைத்தியம் என்று தெரிந்தால்?

ஆறு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பேருந்து நிலையம் வரை பெட்டியைத் தூக்கிப் போய் ஏற்றிவிட்டவரும் இவர்தான்.

நாற்பத்தோராம் வயதில், ஒரு அலுவலகக் கட்டடத்தில் குழிக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. "லிஃப்ட்டை இறக்கச் சொல்லு, அடியிலேயே நில்லு, எல்லாம் முடிஞ்சுடும்" என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டே இருந்தான். இவர் சிவப்பு ஸ்விட்சை அழுத்தி லிஃப்ட்டை நிறுத்திவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காவலாளி கைகொடுத்துத் தூக்கியபோது உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

அவருடைய அக்கா வந்து குடிநோய் சிகிச்சை மையத்தில் சேர்த்தாள். அங்கே ஒன்பதாம் நாள், காதைப் பொத்திக்கொண்டு அலறினார். "இது எங்க கேஸ் இல்லைம்மா, மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். குரலை அடக்க அதற்குள் மறுபடி குடித்துவிட்டிருந்தார். அங்கே போனால், ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "முதல்ல குடிய நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மருந்து தர்றோம்" என்றார்கள். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்குமாக ஒரே வருடத்தில் நான்கு முறை அலைந்தார்கள். அக்காவின் செருப்புத்தான் தேய்ந்தது.

ஐந்தாவதாகப் போன ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார்.

"எது முதல்ல வந்துச்சு? குடியா, குரலா?"

பதினைந்து வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"குரல்."

பக்கத்தில் இருந்த அக்கா திரும்பினாள். "ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"குடிகாரன்னா திட்டுவ அக்கா. பைத்தியம்னா பயப்படுவ. திட்டே பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "குடிய நிறுத்தும்போது சிலருக்குக் குரல் கேட்கும், சில நாள்ல போயிடும். உங்களுக்கு அப்படியில்ல. அதுவும் நோய், இதுவும் நோய். ஒண்ணு இன்னொண்ணுக்குத் தீனி போடுது. ஒண்ணு சரியாகட்டும்னு காத்திருந்தா ரெண்டுமே சரியாகாது. இங்கேயே ரெண்டையும் சேர்த்துப் பாப்போம்."

மூன்று வாரம் படுக்கையில் வைத்திருந்தார்கள். பிறகு தினமும் மாத்திரை, செவ்வாய்க்கிழமை தோறும் குடியை விட்டவர்களின் கூட்டம். மாத்திரையில் உடம்பு ஊதியது, கை நடுங்கியது. ஐந்தாம் மாதம் ஒருநாள் குடித்துவிட்டார். துரத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதவருகில் நின்றார்.

"வந்துட்டீங்கல்ல, உட்காருங்க. குடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. அதைச் சொன்னார். அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

நடுங்கும் கையோடு குழிக்குள் இறங்க முடியாது என்று கம்பெனி அவரைத் தொலைபேசி மேசையில் போட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பதறிக் கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை இவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அலுவலகத்திலேயே அதிகம் பேசாத ஆள், அந்த மேசையில் நாள் முழுக்கப் பேசினார்.

மெல்ல மெல்ல அந்த ஆளின் சத்தம் தேய்ந்தது. ஒரு வருடம் முடிந்த சமயம், "டாக்டர், வீடு ரொம்ப அமைதியா இருக்கு. திட்டினாலும், கூட ஒருத்தன் இருந்தான்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லையே" என்றார்.

மனைவிக்கு எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் எழுதினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று ஒரு வரி பதில் வந்தது. அவள் திரும்பி வரவில்லை. ஆனால் ஞாயிறு மதியம் மகளைப் பேச விட்டாள். நாலைந்து நிமிடம், பெரும்பாலும் மார்க், மழை, சளி.

போன மாதம் மகள் திடீரென்று கேட்டாள். "அப்பா, அந்தக் குரல் என்னப் பத்தியும் பேசுமா?"

"இல்லம்மா. உன்னப் பத்தி நான் அதுகிட்ட மூச்சு விட்டதில்ல."

பிறகு மகள், கணக்கு டீச்சர் மாறிவிட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் போனை இன்னும் நெருக்கமாகக் காதில் வைத்துக்கொண்டார்.