செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்

என் வீட்டுக்காரருக்கு யார் மேலும் பொறாமை கிடையாது, கூடப் பிறந்த தம்பியைத் தவிர. இரண்டு பேர் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே ஒரே சுவர், அதில் ஒரு பெரிய ஜன்னல். தம்பியின் மாடுகள் எங்களுடையதைவிட அதிகம் கறந்த வருஷம், "அவன் மாட்டைப் பாத்தாலே வயிறு எரியுது" என்று அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

அதோடு எங்கள் கொட்டகையில் காற்று நின்றது. காலையில் கழுவிவிட்ட தரை மறுநாள்வரை காயவில்லை. ஆறே மாதத்தில் நான்கு மாடுகள் நொண்டின.

"தம்பி பொண்டாட்டிதான் கண்ணு வெச்சிட்டா" என்றார் இவர்.

மாட்டு டாக்டர் ஒரு குளம்பைத் தூக்கி அழுத்தினார். குப்பென்று நாற்றம் வந்தது.

"கண்ணுமில்ல, மூக்குமில்ல. ஈரத்துலயே நின்னு குளம்பு அழுகுது. மருந்து தர்றேன். முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க."

இவர் முனகிக்கொண்டே செங்கலை இடித்தார். குளுகுளுவென்று காற்று வந்தது. தரை காய்ந்தது. மருந்தும் வேலை செய்ய, ஒரு மாதத்தில் மாடுகள் நேராக நடந்தன. மனிதர் மட்டும் உர்ரென்றே இருந்தார்.

"இன்னும் என்னங்க குறை?" என்றேன்.

"காத்து முதல்ல அவன் மாட்டு மேல பட்டுட்டுத்தானே இங்க வருது?"