மேலத் தெருவின் குச்சிக் கணக்கு

ஹெல்த் விசிட்டர் உத்தியோகத்தில் பாதி நடை. மீதி, அடுத்தவர் வாசலில் நின்று பதிலுக்குக் காத்திருப்பது. படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் என் பொறுப்பில் இருந்தது. அந்த ஊருக்கு நான் சுகாதாரம் கற்றுக்கொடுப்பதாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது கேள்விகள்

மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டுக்கு எத்தனை சன்னல், கக்கூஸ் உண்டா, அம்மை குத்தியாயிற்றா என்று பத்தொன்பது கேள்விகள். மேலத் தெருவில் எல்லா வீட்டிலும் பெண்கள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தலை நிமிராமலே பதில் சொன்னார்கள். ஒரு சன்னலும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து சன்னல் எத்தனை என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

கருப்பாயி மட்டும் நிமிர்ந்தாள். முப்பது வயதிருக்கும். எழுத்து வாசனை கிடையாது, ஆனால் வாய் வக்கீல் வாய். எல்லாக் கேள்வியையும் என்னை வாசிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அம்புட்டும் கேட்டீக. எங்க பிள்ளைக ஏன் பச்சை பச்சையா வாந்தி எடுக்குதுன்னு ஒரு கேள்வி இல்லையே, நர்ஸம்மா?"

கிணற்றுக்கு வைத்தியம்

அந்த வாந்திக்குத் தெருவில் தோஷம் என்று பெயர். யார் நிழலோ பட்டுவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, படித்தவள் அல்லவா! ஊர்ப் பொதுக்கிணற்றில் வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். வாடை தாங்காமல் பெண்கள் என்னை வாயாரத் திட்டிக்கொண்டே அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்.

கருப்பாயிக்கு அடுத்த வீடு மாரியம்மாள் வீடு. அவளுடைய மூத்த பெண் முந்தின வருடம் இந்த வாந்தியில்தான் போனாள். இப்போது தவழ்கிற வயதில் ஒரு பையன், அவனுக்கும் அதே வாந்தி. மூன்று மாதம் பவுடர் போட்ட பிறகும் அவன் மெலிந்துகொண்டே போனான். மாரியம்மாள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, "கெணத்துக்கு மருந்து போட்டீக, சரி. இவனையும் பறிகொடுத்துட்டா நான் என்ன செய்வேன், நர்ஸம்மா?"

வெறுங்குச்சி

காரணம் கண்டுபிடிக்க வழி சொன்னது கருப்பாயிதான். பிள்ளை வாந்தியெடுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் மருந்து முக்காத வெறும் தீக்குச்சி ஒன்றை எடுத்து, அந்தந்த வீட்டில் ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டுவைக்க வேண்டும். எழுதத் தெரிய வேண்டியதில்லை. கீழத் தெருவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தலையாட்டிவைத்தேன்.

ஒரு மாதம் கழித்து எல்லாப் பெட்டிகளையும் வெறுந்தரையில், வீடுகள் இருக்கிற வரிசையிலேயே பரப்பினார்கள். கீழத் தெருக்காரர்கள் வயல்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் பெட்டிகளில் அங்கொன்று இங்கொன்றுதான் இருந்தது. மேலத் தெருப் பெட்டிகள் நிறைந்து கிடந்தன. அந்த வரிசையிலும் ஒரு பெட்டி மட்டும் காலி. செல்லத்தாய் வீட்டுப் பெட்டி அது. கையில் கட்டி வந்ததால் அந்த மாதம் முழுக்க அவள் வேலை செய்யவில்லை.

பெட்டி ஒட்டுகிறவர்கள் எழுந்துபோய்க் கை கழுவ நேரம் ஒதுக்க மாட்டார்கள். பசைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள். தவழ்கிற பிள்ளை பசைச் சட்டியிலும் கை விடும். கருப்பாயி என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு தெருவுக்கும் கெணறு ஒண்ணுதான, நர்ஸம்மா? பசை எங்களுக்கு மட்டுந்தான."

ஏஜெண்ட் சொன்னது

பசை மாவைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பவர் ஒரு ஏஜெண்ட். தன்மையான மனிதர். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்: மாவில் மயில்துத்தம் கலந்திருக்கிறது, பூச்சி அரிக்காமல் இருப்பதற்கு. அந்தத் தாமிர உப்பு விஷம் என்று பாடத்தில் படித்தவள் நான். வாந்தியின் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. பூச்சிக்கு மட்டும்தானா என்று கேட்டேன். அவர் பதிலில் துளி வஞ்சகம் இல்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "அது மட்டும் இல்லம்மா. பசி பொறுக்காம பிள்ளைக பசைய வழிச்சுத் தின்னுருதுக. தின்னக் கூடாதுன்னுதான் போடுறது."

ஆபீஸ் பதில்

பாதியில் விட்ட படிவத்தோடு, நடந்ததை எல்லாம் நாலு பக்கம் எழுதி, மாதிரிக்கு ஒரு பெட்டியையும் சேர்த்து ஆபீசில் கொடுத்தேன். குமாஸ்தா பெட்டியைத் திறந்து பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பத்தொன்பது கேள்விக்குப் பதில் எங்க சிஸ்டர்? இந்தக் குச்சியை நான் எந்தக் கட்டத்துல ஏத்துறது?"

பதிவேடு

துத்தம் கலந்த மாவைத் தொடுவதில்லை என்று மேலத் தெரு முடிவெடுத்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. இரண்டு வாரம் தெருவுக்குக் கம்பெனி வேலைக்கான லோடு வரவில்லை. எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்று புகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாரியம்மாள் வீட்டில் பெரும்பாலும் புகை இல்லை. ஆனாலும் ஒரு பெண்கூட இளகவில்லை. கடைசியில் ஆர்டர் நெருக்கவே, ஏஜெண்ட் வெறும் மாவோடு வந்தார்.

அடுத்த மாதம் பையனின் பெட்டியில் ஒரு குச்சிகூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பதிவேட்டில் அவன் அக்கா பெயருக்கு நேரே, இறப்புக்குக் காரணம் 'அசுத்தத் தண்ணீர்' என்று எழுதியிருந்தவள் நான்தான். அதை அடித்துவிட்டு உண்மைக் காரணத்தை எழுதப்போகிறேன் என்று மாரியம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தன் வலது கையை மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம் நர்ஸம்மா. அவளுக்கு நாந்தான் இந்தக் கையால ஊட்டுனேன். தண்ணின்னே இருக்கட்டும்."

நான் திருத்தவில்லை. முப்பது வருட உத்தியோகத்தில் தெரியாமல் எழுதிய பொய்கள் எத்தனையோ இருக்கும், தெரிந்தே விட்டுவைத்தது அது ஒன்றுதான்.